நாலு பல்லு ரவுட்டர்

கடம்பன்குளத்தில் புத்தி குறைந்தவர்கள் என்று ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் எங்களையே கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அது வயிற்றெரிச்சல்.

இப்படிப்பட்ட ஊரிலும் தனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று தானே ஒப்புக்கொள்கிற மனிதர் ஒருவர் உண்டு. அவர் மாட்டுத் தரகர் ஆவுடையப்பன். ஒருமுறை சந்தையில் ஒரு காளையைப் பார்த்தார். லாரி வந்தாலும் ஒதுங்கவில்லை, மேளம் அடித்தாலும் மிரளவில்லை, தலையை நிமிர்த்திக்கொண்டு நேராக நடந்தது. "இதுவல்லவோ அஞ்சாத காளை" என்று மெச்சி வாங்கிக்கொண்டு வந்தார். அது அதே மிடுக்கோடு நேராக வந்து அவர் வீட்டுச் சுவரில் முட்டியபோதுதான், அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்று தெரிந்தது.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார். இனி எந்தக் காரியத்தையும் தனியாக யோசிப்பதில்லை. ஒரு முட்டாள் யோசித்தால் தப்பு வரும், மூன்று பேர் கூடி யோசித்தால் வராது. கணக்கு சரிதான். கூட வைத்துக்கொண்ட இரண்டு பேர் கொம்பையாவும் நல்லபெருமாளும் என்பதில்தான் கொஞ்சம் இடித்தது. இருவரும் அவரைப் போலவே மாட்டுத் தரகர்கள். அந்தக் கண் தெரியாத காளையை வாங்கச் சொன்னது கொம்பையா. "நடையைப் பாரும்வே, ராச நடை" என்று பக்கத்தில் நின்று சொன்னது நல்லபெருமாள்.

ஆவுடையப்பனின் ஒரே மகள் செண்பகம், கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே வளைகாப்பு. தாய்க்காரி பிரமுவுக்கு மூட்டு வீங்கிக் கிடந்ததால் டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டார். பிரமு இரண்டு நாள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"போவத்தான் முடியல. டிவியிலயாவது எம்பிள்ளை கையில வளையல் ஏறுததை நான் பாக்கணும். அவ சித்தி மக கல்யாணத்துல மாதிரி படம் பாதியில செத்துப் போச்சுன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அதுக்கப்புறம் நீங்களும் உங்க கூட்டாளியளும் ஆக்கித் தின்னுக்கோங்க."

கொம்பையாவின் சமையலை ஆவுடையப்பன் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறார்.

செண்பகம் போனில் விவரமாகப் பேசி அனுப்பியிருந்தாள். "எப்பா, வீட்டுல இருக்க ரவுட்டர் ரொம்பப் பழசு. அது பெரிய படத்தை இழுக்காது. நல்லதா, நம்பிக்கையானதா ஒண்ணு பாத்து வாங்குங்க. வீட்டுக்கு நடுவுல, உசரத்துல, மறைப்பில்லாம வைங்க. பக்கத்துல கண்ணாடி, இரும்பு, தண்ணி எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்ப்பா. சொன்னதை மட்டும் செய்யுங்க."

மூவரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பெரிய படத்தை இழுக்கணும்னு சொல்லுதா. இழுவை மாடு பாக்கத மாதிரிதான் பாக்கணும். நமக்குத் தெரியாத தொழிலா?"

இப்படியாக மூன்று பேரும் தோளில் துண்டு, கையில் ஒரு புதுக் கயிறு சகிதம் பஜாரில் இருக்கும் ஜெபராணியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். ஜெபராணி பொறுமைசாலி. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், போனில் சார்ஜ் இறங்கிவிடுகிறது என்று அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் கடைக்கு வந்திருந்தார். அது யாரென்று கேட்காதீர்கள், கதை சொல்கிறவனுக்கும் மானம் மரியாதை உண்டு.

அவள் மேஜைமேல் மூன்று ரவுட்டர்களை எடுத்து வைத்தாள். மூவரும் அவற்றைப் பார்க்கவே இல்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தெருவைப் பார்த்தார், ஆவுடையப்பன் தன் செருப்பைப் பார்த்தார். வாங்க வந்த மாட்டை நேரே பார்த்தால் விற்கிறவன் விலையைக் கூட்டிவிடுவான் என்பது சந்தையின் பால பாடம்.

"அண்ணாச்சி, பொருளைப் பாருங்க" என்றாள் ஜெபராணி.

"பாப்பம், பாப்பம்" என்றார் கொம்பையா, கூரையிடம்.

அப்புறம் ஒருவழியாகக் குனிந்தார்கள். முதல் ரவுட்டருக்கு ஆறு ஆன்டெனா. கொம்பையா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆறு கொம்பு. முட்டும். பொம்பளை நடமாடுத வீட்டுல கட்டக் கூடாது." இரண்டாவதை ஜெபராணி மின்சாரத்தில் போட்டுக் காட்டினாள். பச்சை விளக்குகள் படபடவென்று மின்னின. நல்லபெருமாள் பதறிப்போய், "கண்ணு துடிக்கி. சீக்கு மாடு. தள்ளி வையி தாயி" என்றார்.

மூன்றாவது வெள்ளை நிறம், நாலு ஆன்டெனா. கொம்பையா அதைக் கையில் எடுத்து, முதுகைத் தடவி, அடியில் ஏதாவது கெட்ட சுழி இருக்கிறதா என்று பார்த்து, பின்பக்கமாகத் திருப்பினார். அங்கே ஒயர் சொருகும் துளைகள் வரிசையாக இருந்தன. அவர் முகம் மாறியது.

"நாலு பல்லு" என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பல்லு போட்ட மாடு என்றால் வயது மூன்று. இது தரகுத் தொழிலில் குழந்தைக்கும் தெரியும்.

"புதுசுன்னு சொன்னியேம்மா" என்றார் ஆவுடையப்பன் வருத்தத்தோடு. "மூணு வயசு ஆயிருக்கே."

"இது நேத்து வந்த பெட்டி அண்ணாச்சி. இதுக்கு மூணு வருசம் கேரண்டி இருக்கு."

"அப்ப ஆறு வயசுல போய்ச் சேந்துரும்" என்றார் நல்லபெருமாள். "பரவால்ல. உழைக்கிற வயசுதான்."

ஜெபராணி மூச்சை இழுத்துவிட்டாள். "அண்ணாச்சி, நீங்க கேக்க வேண்டியது அது இல்ல. இதுல ரெண்டு அலை வருது. ஒண்ணு வேகமா ஓடும், ஆனா சுவரைக் கண்டா சோந்து போவும். இன்னொண்ணு மெதுவாப் போவும், சுவரைத் தாண்டியும் போவும். பெரிய படம் தெளிவா வரணும்னா, டிவிக்கும் இதுக்கும் நடுவுல சுவரு இல்லாம வைக்கணும். ஒரே ரூம்ல வச்சா இன்னும் நல்லது."

"பந்தய மாடும் உழவு மாடும் ஒரே பெட்டியிலயா?" நல்லபெருமாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "சண்டை போட்டுக்காதா?"

"போடாது அண்ணாச்சி."

"அப்ப நல்ல பழக்கத்துல வந்த மாடு" என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் கடைசியாகச் சொன்ன ஒரே ரூம் சமாச்சாரம், மாட்டின் குணத்தைப் பற்றிய வியப்பில் யார் காதிலும் தங்கவில்லை.

விலை பேசுவதில் ஒரு சிக்கல் வந்தது. சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைக் கைமேல் போர்த்திக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஆனால் ஜெபராணியோ பெண்பிள்ளை. அவள் விரலைப் பிடிப்பது மரியாதையில்லை. ஆகவே அவளுக்குப் பதிலாக ஆவுடையப்பன் கையை நீட்டினார். கொம்பையா துண்டைப் போர்த்தினார். ஆவுடையப்பன் பெட்டிமேல் அச்சடித்திருந்த விலையில் தொடங்கினார். தான் விற்கிறவன் பக்கம் என்பதால் நியாயமாகவே விட்டுக்கொடுக்காமல் நின்றார். கொம்பையா இறங்கச் சொல்ல, இவர் ஏற்ற, துண்டு மேலும் கீழும் குதித்தது. கடைசியில் அச்சடித்த விலைக்கு மேலே போய் முடிந்தது. ஆவுடையப்பன் வென்றார். பணம் கொடுக்க வேண்டியதும் அவர்தான் என்பது துண்டை எடுத்த பிறகே அவருக்கு நினைவு வந்தது.

"அச்சடிச்ச விலைக்கு மேல நான் வாங்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி.

"பேசின பேச்சு பேச்சுதான்" என்றார் கொம்பையா கோபமாக. அவள் மீதிக் காசை ஆவுடையப்பனின் சட்டைப் பையில் திணித்து அனுப்ப வேண்டியதாயிற்று. "நான் வந்து மாட்டிக் குடுக்கட்டா?" என்றும் கேட்டாள் அந்தப் பிள்ளை.

"வித்தவ வீட்டுக்கு வந்து மாட்டைக் கட்டிட்டுப் போனான்னு ஊரு சிரிக்கவா?" என்றார் நல்லபெருமாள்.

"சரி. பழசுல இருக்க ஒயரை உருவி இதுல சொருவுங்க. பாஸ்வேர்டு அடியில எழுதியிருக்கு. அதை யாருக்கும் காட்டாதீங்க. ஞாயித்துக்கிழமைக்கு முன்னால ஒருக்கா போட்டுச் சோதிச்சுப் பாத்துருங்க."

இந்தச் சோதனை விஷயத்தில்தான் முதல் விவாதம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆவுடையப்பன், "போட்டுப் பாத்துருவமாவே?" என்றார்.

கொம்பையா அதிர்ந்து போனார். "என்னவே பேசுதீரு? வந்த அன்னைக்கே நுகத்தடியில பூட்டுவாகளா? எங்க இருந்து வருதுன்னு பெட்டியில போட்டிருக்கு, பாத்தீரா? சீனா. அவ்வளவு தூரத்துல இருந்து வந்த சீவனுக்குக் களைப்பு இருக்காதா?"

நியாயம் என்று ஆவுடையப்பனுக்கும் பட்டது. புது மாட்டைப் பழைய மாட்டின் பக்கத்தில் கட்டிப் பழக விடுவது வழக்கம். அதேபோல் புது ரவுட்டரைப் பழையதின் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிரமு ஆரத்தி சுற்றி, நாலு ஆன்டெனாவிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். அது ஞாயிற்றுக்கிழமை வரை நிம்மதியாக ஓய்வெடுத்தது. அந்த வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அடுத்து, சனிக்கிழமையன்று, இடம் பார்க்கும் வேலை. வீட்டுக்கு நடுவில் என்று செண்பகம் சொல்லியிருக்கிறாள். வாசலில் இருந்து பின்சுவர் வரை கயிறு பிடித்து அளந்து, கயிற்றைச் சரிபாதியாக மடித்துப் பார்த்தார்கள். நடு எங்கே வந்தது என்றால், கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே இருக்கும் சுவருக்குள் வந்தது.

மூவரும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

"சுவரைக் குடைஞ்சு உள்ள வச்சுப் பூசிருவமா?" என்றார் நல்லபெருமாள்.

"மறைப்பில்லாம வைக்கச் சொல்லியிருக்காவே" என்றார் ஆவுடையப்பன்.

"சுவரை எடுத்துட்டா?"

"பிரமு என்னை எடுத்துருவா."

கொம்பையா நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சில கதவுகள் தெருப்பக்கம் திறக்கும். இது அந்த மாதிரிக் கதவு. "கதவைத் திறந்தா வீடு ஒரு கதவு நீளும். நீளுமா நீளாதா? அப்ப நடுவும் நகரும்" என்றார்.

மறுபடி அளந்தார்கள். திறந்த கதவின் நுனியில் இருந்து கயிறு பிடித்ததும், நடு சுவரை விட்டு இறங்கிக் கூடத்துக்குள் வந்து நின்றது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அறிவாளியைச் சிநேகிதனாக அடைய என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தார். அந்த இடத்துக்கு நேர் மேலே விட்டத்தில் இருந்து மூக்கணாங்கயிற்றால் ரவுட்டரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உயரமும் ஆயிற்று, நடுவும் ஆயிற்று.

ராத்திரி பிரமு கதவை அடைக்கப் போனாள். "அடைக்காதட்டி, நடு மாறிரும்!" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் அலறின. திறந்த கதவு வழியாக ஒரு தெரு நாய் உள்ளே வந்து, யாரையும் பொருட்படுத்தாமல் ரவுட்டருக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது. அதுவும் நடுவை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது என்று நல்லபெருமாள் வியந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஜெபராணி சொன்னபடி பழசின் ஒயரை உருவிப் புதிதில் சொருகினார்கள். ஜெர்மனியில் முகூர்த்தம் காலையில், நமக்கு அது மத்தியானம். கண்ணாடி, இரும்பு, தண்ணீர் எதுவும் பக்கத்தில் கூடாது என்பதால் வீட்டைக் காலி செய்யத் தொடங்கினார்கள். கண்ணாடி வைத்த பீரோ தெருவுக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி, குடம், அண்டா, இரும்புக் கட்டில், தையல் மிஷின் எல்லாம் வந்தன. தெருவில் போனவர்கள் ஆவுடையப்பன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜெர்மனிக்குப் போகிறார் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

எல்லாம் முடிந்து நிமிரும்போது நல்லபெருமாள் டிவியின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இது கண்ணாடிதான?"

கண்ணாடிதான். பின்பக்கம் தட்டிப் பார்த்தார்கள். இரும்பும் இருந்தது.

"டிவியைப் பாக்கத்தானவே இவ்வளவும்?" என்றார் ஆவுடையப்பன். அவருக்கு உள்ளுக்குள் ஏதோ லேசாக உறுத்தியது. ஆனால் தன் மனசை நம்பித்தானே அந்தக் காளையை வாங்கினோம் என்று அதை அடக்கிக்கொண்டார்.

"பிள்ளை சொன்னதை மட்டும் செய்யச் சொல்லியிருக்கு" என்றார் கொம்பையா. "கண்ணாடி கூடாதுன்னா கூடாது."

டிவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையைத் தாண்டிக் காலித் தொழுவத்தில் வைத்தார்கள். வீட்டில் ரவுட்டரும் நாயும் மட்டும் மிஞ்சின. கொம்பையா ஒரு விரலை உயர்த்தினார். மனித உடம்பில் முக்கால்வாசி தண்ணீர் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாராம். ஆகவே ஆட்களும் வெளியேறினார்கள். வெளியே போக மறுத்தது நாய் மட்டும்தான்.

பாஸ்வேர்டு போடும் பொறுப்பு ஆவுடையப்பனுடையது. யாருக்கும் காட்டக் கூடாது என்பது உத்தரவு. மற்ற இருவரும் தொழுவத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஆவுடையப்பன் ஒரு காகிதத்தில் குறித்து வந்திருந்ததை மடியில் இருந்து எடுத்தார். யாருக்கும் என்றால் நாமும் ஒரு ஆள்தானே என்ற எண்ணம் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ரிமோட்டை அழுத்தினார். தப்பு என்றது டிவி. மறுபடி அழுத்தினார். மறுபடி தப்பு.

பிரமு மூட்டு வலியோடு எழுந்து வந்து, காகிதத்தைப் பிடுங்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே போட்டாள். டிவி உடனே ஏற்றுக்கொண்டது. மூவரும் அவளைச் சட்டத்தை மீறியவளைப் போலப் பார்த்தார்கள்.

அதற்குள் தெருப் பெண்கள் எல்லோரும் தொழுவத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரமு பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து முன்னால் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் அவள் பின்னால் நின்றார். சாமி, இந்த ஒரு தடவை மட்டும் என் புத்தியை மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டார்.

படம் வந்தது. வந்தே விட்டது! செண்பகம் மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டிலும் சந்தனம். வயிறு தெரிந்தது. "மெலிஞ்சுட்டாளே" என்றாள் பிரமு. பத்துக் கிலோ கூடியிருந்தாள் செண்பகம். ஒரு மாமி வளையலை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். செண்பகம் நிமிர்ந்து நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

அப்படியே நின்றது. செண்பகத்தின் கைக்கு நேராக, திரையின் நடுவில், வெள்ளையாக ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

ஆவுடையப்பனுக்கு உயிர் போய்விட்டது. அந்த வட்டத்தை அவர் போனில் பார்த்திருக்கிறார். அது வந்துவிட்டால் படம் மேலே நகராது. அண்ணன் வீட்டுக்குப் போகப் பிரமுவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது. "பிரமு, அது வந்து..." என்று வாயைத் திறந்தார்.

"வளையலு!" என்று கத்தினாள் பிரமு. "எம்பிள்ளை கையில வளையலு ஏறுது பாருங்கட்டி! எப்பிடிச் சுத்திச் சுத்தி மின்னுது!"

பெண்கள் குலவையிட்டார்கள். நல்லபெருமாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எம்புட்டு நேரமா ஒரே வளையலைப் போடுதாக" என்று ஒருத்தி கேட்டதற்கு, "வெளிநாட்டுல எதையும் நிதானமாத்தான் செய்வாக" என்று இன்னொருத்தி விளக்கம் சொன்னாள். பிரமு எதையும் கேட்கவில்லை. "என்னைய விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டேங்கா. கண்ணைக்கூடச் சிமிட்டல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்படி ஒரு சந்தோஷத்தை ஆவுடையப்பன் அவள் முகத்தில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். நேரம் போகப் போக, அது வளையல்தானோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வரை வளையல் சுற்றியது. பெண்கள் கலைந்து போனார்கள். பிரமு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத் தெரிஞ்சுது. இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு முகம் சற்று வாடியது. "ஆனா ஒரு கைக்குத்தான் ஏறுச்சு. மறு கை மூளியா இருக்கே. பிள்ளைத்தாச்சிக்கு ஆகுமா?"

கொம்பையா திரையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், விட்டத்தில் ஒற்றையாகத் தொங்குவதை நினைத்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பு நம்ம மேலதான்வே. இம்புட்டு பெரிய படத்துக்கு ஒத்தை மாட்டைப் பூட்டுனா, ஒத்தை வளையலுதான் இழுத்துட்டு வரும்!"

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜெபராணி கடையை அடைப்பதற்குள், ஜோடி மாடு பார்க்க, மூவரும் கயிற்றோடு பஜாரை நோக்கி ஓடினார்கள்.